பிடுங்கச் சொன்னவன்

எங்கள் தோட்டத்தில் தானாக முளைத்த தோதகத்திக் கன்றுகளைப் பிடுங்கி எறியச் சொன்னவன் நான். களையெடுக்க ஆள் இறங்கும்போதெல்லாம் சொன்னேன்.

கொல்லிமலையில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும். தோதகத்தி என்றால் ஈட்டி மரம், ரோஸ்வுட். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ரோஸ்வுட் மரங்கள் பாதுகாப்புச் சட்டம், பட்டா நிலத்தில் நின்றாலும் அரசு அனுமதி இல்லாமல் அதை வெட்டக் கூடாது என்றது. மரம் அருகிவந்ததால் வந்த நியாயமான சட்டம்தான். “கன்னுலயே பிடுங்கிடுப்பா, மரமாயிட்டா அது நம்ம மரமில்ல” என்றார் பெரியப்பா. அவருக்கு இருந்தது பயம். நான் போட்டது கணக்கு. தோதகத்தி வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மளமளவென்று நெட்டையாக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், பிளைவுட்டுக்கும் போகும்.

தோதகத்தி சுலபத்தில் போகிற மரமும் இல்லை. மண்வெட்டி வேரில் பட்டால், பட்ட இடத்திலிருந்தே தளிர் கிளம்பும். வட்ட வட்டமான இலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். அவரைக் குடும்பத்து மரம், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், காப்பிக்கு ஏற்ற நிழல் தரும். இவ்வளவும் தெரிந்துதான் பிடுங்கச் சொன்னேன்.

பிறகு தாத்தா காலத்து வீட்டைப் பிரித்தோம். நிலையையும் கதவையும் புது வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். அடுப்புப் புகையில் கருத்துக் கிடந்த பலகையில் ஆசாரி இழைப்புளியைத் தள்ளினார். முதல் சீவலில் வெறும் கரி. அடுத்ததில் ஊதா கலந்த பழுப்பு, ஊடே கருங்கோடுகள். லேசான இனிப்பு வாசம் வந்தது. “இந்த மாதிரி மரம் இனி ஏதுங்க?” என்றார். வீட்டுக்கு வந்தவர்களிடம் நானும் அதையே சொன்னேன். பழைய மரத்தையே பயன்படுத்தினோம், புதிதாக ஒன்றும் வெட்டவில்லை என்று பெருமையும் பேசினேன். இனி ஏன் கிடைக்காது என்பதில் என் பங்கை மட்டும் சொல்லவில்லை.

தோதகத்தி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்தபோது திருட்டுத்தனமாக வெட்டியவர்களைத்தான் திட்டினேன். அவர்களுக்காவது அந்த மரம் வேண்டியிருந்தது. எனக்கு அது முளைப்பதே தொந்தரவாக இருந்தது. சட்டத்தின் மேல் பழி போடவும் வழியில்லை: அனுமதி கேட்டு நான் ஒரு மனுகூட எழுதிப் பார்த்ததில்லை. எழுதியவர்கள் அலைந்த கதைகளைக் கேட்டதே எனக்குப் போதுமான சாக்காக இருந்தது.

சில்வர் ஓக்கை எடுத்துவிட்டுத் தோதகத்தி நடப்போகிறேன் என்று இங்கே எழுதிவிடலாம். மிளகு காய்த்துக்கொண்டிருக்கும் வரை நான் அதைச் செய்ய மாட்டேன். வேலியோரம் தளிர்ப்பதை மட்டும் இனித் தொட வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன்.