கதாநாயகனுக்குப் பக்கத்துக் குதிரை

ஹாலிவுட் வெஸ்டர்ன் படங்களில் எல்லோரும் ஜான் வெய்னைப் பார்ப்பார்கள். என் கண் அவருக்குப் பக்கத்தில் குதிரையில் வரும் பென் ஜான்சன் மேல்தான் நிற்கும்.

1918-இல் ஒக்லஹோமாவில் பிறந்தவர். பண்ணையில் மாடு மேய்த்த நிஜ கவ்பாய். ஹோவர்ட் ஹியூஸ் தன் படத்துக்காக வாங்கிய குதிரைகளோடு ஹாலிவுட் வந்தார். பண்ணைக் கூலியை விட அங்கே பல மடங்கு கிடைத்ததால் தங்கிவிட்டார். முதலில் ஸ்டண்ட், பெரிய நடிகர்களுக்கு டூப்.

‘ஃபோர்ட் அப்பாச்சி’ படப்பிடிப்பில் குதிரைகள் மிரண்டு, ஆட்களோடு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடின. விரட்டிப்போய் நிறுத்தியவர் ஜான்சன். இயக்குநர் ஜான் ஃபோர்ட் அவரை நடிகராக்கினார். ‘வேகன் மாஸ்டர்’ (1950) படத்தில் நாயகனும் ஆனார்.

ஆனால் 1953-இல் நடிப்பை ஒதுக்கிவிட்டு ரோடியோ என்ற கவ்பாய் போட்டிகளுக்குப் போனார். ஜோடியாகக் கயிறு வீசி மாடு பிடிக்கும் போட்டியில் உலக சாம்பியன். பட்டம் வந்தது, காசு மிஞ்சவில்லை. திரும்பவும் சினிமா, திரும்பவும் துணை வேடங்கள்.

‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’ (1971) வாய்ப்பு வந்தபோது வசனம் அதிகம், கெட்ட வார்த்தை அதிகம் என்று மறுத்தார். ஃபோர்டே பேசிச் சம்மதிக்க வைத்தார். படத்தில் சில நிமிடங்களே வருவார். அதற்குத்தான் ஆஸ்கர்.

ரோடியோ உலகப் பட்டம், ஆஸ்கர் இரண்டையும் வென்றவர் இவர் ஒருவர்தான். 1996-இல் மறைந்தார். ‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’வில் அவர் வரும் குளக்கரைக் காட்சிக்காகவாவது படத்தைப் பாருங்கள். நடிக்காமல் நடிப்பது எப்படி என்று புரியும்.