பன்னிரண்டு கற்கள்

விடுதி அறையில் கம்ப்யூட்டர் ஒன்று, ஆட்கள் நாலு. ஆளுக்கு ஒரு மணி நேரம்தான்.

2022-இல் வந்த ‘எல்டன் ரிங்’ விளையாட்டில் சாதாரண வாளை மூன்றாம் நிலைக்கு உயர்த்த 2, 4, 6 என 12 பட்டறைக் கற்கள் வேண்டும். கண்ட இடமெல்லாம் அலைஞ்சா நேரம் போச்சு! நான் நேரே லிம்கிரேவ் சுரங்கத்துக்குப் போவேன். தொழிலாளிகளை வீழ்த்தினால் சிலரிடம் கல் கிடைக்கும். ஒளியருகே இளைப்பாறினால் அவர்கள் மறுபடி வந்து நிற்பார்கள். பிறகு ராயா லுகாரியா ஸ்படிகச் சுரங்கத்துத் தலைவனை வென்று, அங்கே கிடைக்கும் மணியை ரவுண்ட்டேபிள் ஹோல்டு கடையில் கொடுத்துவிட்டால், அப்புறம் ரூன் கொடுத்து வேண்டிய மட்டும் வாங்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் சொல்லித் தருவதும் இதுதானே? முதலில் தேவையைக் கணக்கிடு. பிறகு பொருள் இருக்கும் இடத்துக்குப் போ. பன்னிரண்டு சேர்ந்ததும் எழுந்திரு. சுரங்கத்தில் கல் திரும்ப வரும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி திரும்ப வராதே!