சராசரிச் சாலை என்று ஒன்றில்லை

சைக்கிள் டயர் வாங்கப் போனால் நல்ல கடைக்காரர் முதலில் கேட்பது 'எந்த ரோட்டுல ஓட்டப் போற?' என்பதைத்தான். தார் என்றால் ஒரு டயர் காட்டுவார், காடு என்றால் வேறொன்று. 'எல்லாத்துலயும்' என்று சொல்கிறவனுக்குக் காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் நான் போக வேண்டிய வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டேன்.

கிள்ளானில் தொடங்கி கோலசிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம் தாண்டி, பெர்ணம் ஆற்றைக் கடந்து, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் உள்ள ஒரு தோட்டம் வரை. என் வரைபடக் கணக்கில் 150 கிலோமீட்டர். அதில் தார் 105. நெல்வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கரையோரச் சரளைக்கல் பாதை 27. கடைசி 18 தோட்டத்துச் செம்மண் சாலை. கடற்கரைச் சமவெளி என்பதால் ஏற்றம் பற்றிக் கவலை இல்லை. கவலை எல்லாம் அந்தக் கடைசி 18-ல்தான். அடியில் இருப்பது கடலோரக் களிமண். மேலே செம்மண்ணும் கல்லும் கொட்டி இறுக்கியிருப்பார்கள். லாரி போய்ப் போய் அது தேய்ந்த இடத்தில் களிமண் எட்டிப் பார்க்கும். ஒரு மழை போதும்.

அந்தத் தோட்டத்தில்தான் அப்பா பிறந்தார். லயங்களை இடித்துப் பல வருஷமாகிவிட்டது. அவருக்கு இப்போது முட்டி சரியில்லை. நான் அந்தப் பக்கம் போகப் போகிறேன் என்றதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஸ்டோருக்குப் பின்னால ஒரு முனீஸ்வரன் கோயில் இருந்துச்சு. இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்துட்டு வா."

கூட வருவதாக இருந்த இரண்டு நண்பர்களும் சாலை சைக்கிள்காரர்கள். "எழுபது சதவீதம் தார்டா. வழவழ டயர் போடு. அந்தப் பதினெட்ட விட்டுட்டு நேரா டவுனுக்குப் போய்ச் சாப்பிடலாம்" என்றார்கள். கணக்குப்படி பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. ஆனால் நான் சராசரிக்கு டயர் வாங்கவில்லையே. சராசரிச் சாலையில் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு சாலையில்தான் ஓட்டுகிறோம்.

தாரில் தவறான டயருக்கு என்ன அபராதம்? டயர் தரையில் அமுங்கி, பிறகு விரிகிறது. அமுங்கும்போது வாங்கிய ஆற்றலை விரியும்போது ரப்பர் முழுதாகத் திருப்பித் தராது. மிச்சம் சூடாகப் போய்விடும். மேலே உயரமான ரப்பர் கட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைந்து நிமிரும், இழப்பு கூடும். காதில் 'உர்ர்' என்று கேட்கும் சத்தம் அதன் அறிவிப்பு. எனக்கு 105 கிலோமீட்டரில் கூடுதலாக அரை மணி நேரம் போகலாம். அவ்வளவுதான். சேற்றில் தவறான டயருக்கோ அபராதம் நேரக் கணக்கில் வராது. அங்கே போக முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கத் தவறு நம்மைத் தாமதப்படுத்தும். மறுபக்கத் தவறு நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சராசரி எடுக்க முடியாது.

அதற்காக ஆகப் பெரிய கட்டைகள் உள்ள டயரை வாங்கிவிடவும் முடியாது. டயரின் வரிவடிவத்தை மலாயில் 'பூங்ஙா' என்பார்கள், அதாவது பூ. பூ நெருக்கமாக இருந்தால் தாரில் சுகமாக உருளும். ஆனால் களிமண் இடுக்கில் அப்பிக்கொள்ளும், பிறகு பூ இருந்தும் பயனில்லை. பூ விலகி இருந்தால் சக்கரம் சுழலும்போது மண் தானாக உதிரும். அகலம் இன்னொரு கணக்கு. 2.4 அங்குலத்துக்கு ஆசைப்பட்டேன். என் சைக்கிளின் பின் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. சேறு சேர்ந்தால் சக்கரம் அங்கேயே இறுகிவிடும்.

கடைசியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. முன்சக்கரத்தில் மாக்சிஸ் ஆர்டென்ட், 2.25. பூ விலகியது, ஓரக் கட்டைகள் உறுதியானவை. பின்சக்கரத்தில் அதே நிறுவனத்தின் ஐகான், 2.20. தாழ்வான, நெருக்கமான பூ. காரணம் எளிது. முன்சக்கரம் வழுக்கினால் விழுவோம், பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். உடல் எடையில் பெரும்பங்கு பின்னால் விழுவதால் உருளும் இழப்பை அங்கே குறைப்பதுதான் லாபம்.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: கல்லு மாதிரி அடித்தால்தான் வேகம். வழவழ தாரில் ஓரளவு உண்மை. சரளையில் அது தலைகீழ். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் ஆளையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். முன்னே போக வேண்டிய பலம் மேலும் கீழும் குதிப்பதில் வீணாகும். நான் 70 கிலோ. முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. வைத்தேன்.

டியூப் போடவில்லை. செம்பனை மட்டையின் அடியில் முள் இருக்கும். வெட்டிப் போட்ட மட்டைகளிலிருந்து அது சாலைக்கும் வரும். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் திரவம் அந்த மாதிரிச் சின்ன ஓட்டைகளைத் தானாக அடைத்துவிடும். நான் வாங்கிய போத்தலைத் திறந்ததும் அம்மோனியா வாடை. ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "என்னாது, பால் ஸ்டோர் வாசனை வருது?"

அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. உள்ளே இருப்பது ரப்பர் பால்தான். கட்டியாகிவிடாமல் இருக்க அம்மோனியா கலந்திருக்கிறார்கள். தோட்டத்திலும் பாலுக்கு அதைத்தான் கலப்பார்கள். பாட்டி இருட்டோடு எழுந்து பால் மரம் வெட்டப் போனவர். வெட்டிய கோட்டில் சில மணி நேரம் பால் வடிந்து மங்கில் சேரும். பிறகு பாலே உறைந்து காயத்தை அடைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஒரு சீவல் சீவி அதைத் திறக்க வேண்டும். முள் குத்திய என் டயரிலும் நடப்பது இதுதான். காற்று பாலை ஓட்டைக்குத் தள்ளும், பால் அங்கே உறைந்து நிற்கும்.

1877-ல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. 1888-ல் டன்லப் பெல்ஃபாஸ்டில் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் கார் என்று உலகத்துக்கு ரப்பர் தேவைப்பட்டது. காப்பிக்கும் கரும்புக்கும் முன்பே இங்கே தமிழர்கள் வந்திருந்தார்கள். பெருங்கூட்டமாக வந்தது ரப்பருக்கு. நான் டயர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பதற்கும் கிள்ளானில் பிறந்ததற்கும் மூலப்பொருள் ஒன்றே.

தாத்தாவிடம் என்ன டயர் இருந்தது என்று அப்பாவைக் கேட்டேன். பெரிய சைக்கிள், இருபத்தெட்டு ஒன்றரை. அதாவது நாற்பது மில்லிமீட்டர்கூட இருக்காது, பூவும் பேருக்குத்தான். அதில் இரண்டு பக்கமும் பால் தகரம் கட்டி இதே களிமண்ணில் ஓட்டியிருக்கிறார். "மழ பெஞ்சா?" என்றேன்.

"எறங்கித் தள்ளுவாரு. வேற என்ன?"

நான் இரண்டு வாரம் ஆராய்ந்த கேள்விக்கு அவர் காலத்தில் இருந்த ஒரே பதில் அது. அவருக்குத் தேர்வு இருக்கவில்லை, எனக்கு இருக்கிறது. ஆனால் எனக்கும் மிஞ்சும் இடம் ஒன்று இருக்கும். அங்கே எந்த டயரும் உதவாது, கால்தான் உதவும். அதை ஒப்புக்கொண்ட பிறகு மனசு லேசாகிவிட்டது.

முந்தைய நாள் இரவு மழை. தாரில் நண்பர்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு ஊரிலும் தேநீரோடு காத்திருந்தார்கள். வாய்க்கால் கரையில் மூவரும் ஒரே வேகம். தோட்டத்து வாசலில் அவர்கள் டவுனுக்குத் திரும்பிவிட்டார்கள். காவலாளி பெயரை எழுதிக்கொண்டு தடுப்பைத் தூக்கினார்.

ஸ்டோர் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. அதன் பின்னால் செம்பனை வரிசைக்கு நடுவே ஒரு தகரக் கூரை. அதை நோக்கிப் போன ஒற்றையடிப் பாதையில், ஈர மண்ணில், ஒரு மோட்டார்சைக்கிள் டயரின் பூ அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. உள்ளே முனீஸ்வரன் கழுத்தில் வாடாத எலுமிச்சை மாலை.

படம் எடுத்து அனுப்பினேன். உடனே அப்பா கூப்பிட்டார். கோயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எங்கயாச்சும் எறங்கித் தள்ளுனியா?"

"மூணு எடத்துலப்பா."

"அப்ப அதே ரோடுதான்," என்றார்.