பெருங்கதைகள் முடிந்தபின் பத்திரிகை நிற்குமா?

ஜப்பான் தேசத்துச் சித்திரக்கதை வாரப் பத்திரிகைகளுள் பெயர்பெற்றதாகிய ‘ஷோனென் ஜம்ப்’ இனி எவ்வாறு நடைபெறும் என்னும் கேள்வி, 2024-ம் ஆண்டு முதல் அதனை விரும்பிப் படிப்போரிடையே ஓயாது எழுந்து வருகின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், பத்தாண்டுகள் நடந்த ‘மை ஹீரோ அகாடமியா’ முடிவுற்றது. அடுத்த மாதமே ‘ஜுஜுட்சு கைசென்’ முடிவுற்றது. 1997-ம் ஆண்டில் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ கதையோ, 2022 ஜூலையில் தன் இறுதிப் பகுதிக்குள் புகுந்துவிட்டது. தூண்கள் ஒவ்வொன்றாய்ச் சாயின் கூரை என்னாகும் என்று அன்பர்கள் கவலுகின்றனர்.

சித்திரக்கதை சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்கு. இலக்கியப் பகுதியில் அதற்கு இடமேது என்று வாசகருட் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஒரே வாரத்தில் 65 இலட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சாகி விற்ற ஒரு பத்திரிகையை விளையாட்டென்று தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது என்பதே எமது விடை. அத்தனை பேரைப் படிக்க வைத்த வழி யாது என்று கேட்பதிற் பிழையில்லை.

யாம் இதனை அச்சுத்தாளில் படிப்பவரல்லேம். 2019 ஜனவரியில் அப்பத்திரிகையை நடத்தும் ஷுயெய்ஷா நிறுவனத்தார் ‘மங்கா பிளஸ்’ என்னும் செயலியை ஆங்கிலத்தில் உலகத்தார்க்குத் திறந்துவிட்டனர். தோக்கியோவில் திங்கட்கிழமை பிறக்கும் அந்நொடியில் எமது நாட்டில் ஞாயிறு இரவு மணி பதினொன்று. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டிய தோட்டத்துக் கிராணிக்கு அது தூங்கும் நேரம். எனினும் படித்துவிட்டே படுக்கின்றோம்.

இனி விஷயத்திற்கு வருவோம். இப்பத்திரிகை 1968-ம் ஆண்டில் தோன்றியபோது அதற்குத் தூண் என்று ஒன்றும் இருந்ததில்லை. 1959-ம் ஆண்டில் ஒரே நாளில் பிறந்த ‘ஷோனென் மேகசின்’, ‘ஷோனென் சண்டே’ என்னும் இரு வாரப் பத்திரிகைகளும் புகழ்பெற்ற சித்திரக்காரர்களை முன்னமே தம் வசமாக்கிக் கொண்டிருந்தன. ஆகலின் ஜம்ப் பத்திரிகையார் பெயரில்லாத இளைஞர்களைத் தேடிப் பிடித்தனர். இல்லாமையால் நேர்ந்த அவ்வேற்பாடே பின்னர் அதன் கொள்கையாயிற்று. ஐந்தே ஆண்டுகளில், 1973-ம் ஆண்டில், அது விற்பனையில் மேகசினை முந்திவிட்டது. பெருங்கதை இல்லாமற் போதல் இதற்குப் புதிதன்று. அதன் பிறப்பே அந்நிலையில்தான்.

இப்போதைய அச்சமும் முன்னொரு முறை வந்ததே. அகிரா தொரியாமாவின் ‘டிராகன் பால்’ 1995-ம் ஆண்டிலும், கூடைப்பந்தாட்டத்தைப் பொருளாகக் கொண்ட ‘ஸ்லாம் டங்க்’ 1996-ம் ஆண்டிலும் முடிந்தன. முன்னே கூறிய 65 இலட்சம் என்னும் உச்சம் 1994-ம் ஆண்டு இறுதியில் எட்டப்பட்டது. 1997-ம் ஆண்டிலேயே மேகசின் மீண்டும் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜம்ப் மாண்டது என்று கருதினோர் பலர். ஆனால் அந்த 1997-ம் ஆண்டில்தான், எய்ச்சிரோ ஓடா என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர் ‘ஒன் பீஸ்’ கதையைத் தொடங்கினார். இவர் அதே பத்திரிகையில் ‘ருரோனி கென்ஷின்’ வரைந்துகொண்டிருந்த வாட்சுகியிடம் உதவியாளராயிருந்து தொழில் கற்றவர். இரண்டாண்டு கழித்து ‘நருட்டோ’ வந்தது. 2002-ம் ஆண்டில் முதலிடம் திரும்பியது. தோற்ற ஆண்டில் நட்ட கன்று காய்க்க ஐந்தாண்டுகள் பிடித்தன. செம்பனையும் நட்டு மூன்றாம் ஆண்டளவில்தான் குலை தள்ளுகின்றது. இருபத்தைந்து ஆண்டுகளானால் துறட்டிக்கு எட்டாமல் வளர்ந்துவிடுகின்றது. அதற்குள் மறுநடவுக்குக் கன்று வளர்த்து வையாத தோட்டத்தின் கணக்குப் புத்தகம் எப்படியிருக்கும் என்பது எமக்குத் தெரியும்.

இப்பத்திரிகை கன்றுகளைப் பொறுக்கும் முறை கடுமையானது. ஒவ்வோர் இதழிலும் ஒரு தபால் அட்டை வைத்திருப்பர். தமக்குப் பிடித்த மூன்று கதைகளை வாசகர் அதிற் குறித்தனுப்ப வேண்டும். வாக்குக் குறைந்த கதை பத்து, இருபது வாரங்களில் நிறுத்தப்படும். வாரந்தோறும் ஏறத்தாழப் பத்தொன்பது பக்கங்கள் வரைந்து, கண்ணும் முதுகும் கெட்டு உழைத்தவன், ஒரு சிறுவன் குறித்த எண்ணால் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றான். இது கொடுமை என்றே யாம் கருதுகின்றோம். வென்றவரையும் அம்முறை வாட்டாமல் விடவில்லை. ‘ஜுஜுட்சு கைசென்’ வரைந்தவர் 2021-ம் ஆண்டில் உடல்நலங் குன்றிச் சிலகாலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஆயினும் அம்முறையில் ஒரு நேர்மையுண்டு. இன்னார் மகன், இன்னாருடைய சீடன் என்பது அவ்வட்டையிற் செல்லாது.

சித்திரக்காரர் மட்டில் பிறப்பு செல்லாத அப்பத்திரிகையில், கதாநாயகர் மட்டில் அது நன்றாகவே செல்லுகின்றது! ‘நட்பு, முயற்சி, வெற்றி’ என்பன அதன் மூன்று கொள்கைகள் என்பர். அநாதையாய், ஊராரால் ஒதுக்கப்பட்டவனாய், முயற்சி ஒன்றையே துணையாகக் கொண்டு எழுந்த நருட்டோ, முடிவில் ஊர்த்தலைவர் மகன் என்று தெரிய வருகின்றது. கடற்கொள்ளைக்கார லூபியின் தந்தை உலகறிந்த புரட்சித் தலைவர். ‘பிளீச்’ நாயகனுக்கும் தந்தைவழிச் சக்தி. எழுநூறு அத்தியாயம் முயற்சியைப் போதித்துவிட்டுக் கடைசியில் குலத்தைக் காட்டுவது எந்த நியாயம்? தாழ்ந்த வகுப்பு வீரனென்று இகழப்பட்ட கோக்கு, இளவரசன் வெஜிட்டாவை விஞ்சிய இடமொன்றே இவ்விஷயத்தில் எமக்கு முழு மனநிறைவைத் தந்தது. இக்குறையை நீக்கும் இளைஞன் ஒருவன் அடுத்து வருவானாயின், பழைய தூண்கள் போனதற்கு யாம் அழமாட்டோம்.

முடிவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். விற்கின்றவரை இழுப்போம் என்பது வியாபாரிகளின் ஆசை. ஓடுகின்ற கதையை நிறுத்த எந்தப் பத்திரிகையாருக்கும் மனம் வராது. ‘டீமன் ஸ்லேயர்’ கதையோ, நாடே அதனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த 2020 மே மாதத்தில், இருபத்து மூன்று தொகுதிகளோடு நிறுத்தப்பட்டது. கதை முடிந்தது, ஆசிரியர் எழுந்து போனார். இதற்கு நேர்மாறாக, ஒரு போலீஸ் சாவடியைப் பற்றிய ‘கொச்சிகாமே’ 1976 முதல் 2016 வரை நாற்பதாண்டுகள், ஒரு வாரமும் தவறாமல் வந்து இருநூறு தொகுதிகளில் நிறைவெய்தியது. இரண்டையும் யாம் மதிக்கின்றோம். இடையில் நின்று நீரூற்றிப் பெருக்கிய கதைகளே பத்திரிகையைக் கெடுப்பன.

1964-ம் ஆண்டில் தோன்றிய ‘காரோ’ என்னும் மாதப் பத்திரிகை, சிராதோ சான்பேயின் ‘காமுய்’ கதைக்கு இடந்தருவதற்கென்றே பிறந்தது. 1971-ம் ஆண்டில் அக்கதை நின்றபின் படிப்போர் சுருங்கினர். எழுதுவோர்க்குக் கூலி தரவும் இயலாமல், ஆயினும் அரிய பல கலைஞர்களை வளர்த்து, 2002-ம் ஆண்டு வரை அது இழுத்துக்கொண்டிருந்து மறைந்தது. கதை போயும் பத்திரிகை முப்பதாண்டுகள் வாழலாம் என்பதற்கும், எவ்வளவு வறுமையில் வாழ நேரும் என்பதற்கும் அஃதொரு சான்று.

ஜம்பின் மெய்யான ஆபத்து, எமது கருத்தில், கதைகள் முடிவதன்று; கட்டு அவிழ்வதாகும். தடித்த பழுப்புத்தாளில் ஏறத்தாழ இருபது கதைகள் ஒன்றாகக் கட்டி வந்தபோது, டிராகன் பாலுக்காகக் காசு கொடுத்தவன் பக்கத்துக் கதையையும் புரட்டினான். பெயரற்றவனுக்குப் பெரியவன் அயலிலே ஓர் இடங்கிடைத்தது. 2017-ம் ஆண்டில் அச்சுப்பிரதிகள் 20 இலட்சத்திற்குங் கீழிறங்கின. 2014-ம் ஆண்டில் தொடங்கிய ‘ஜம்ப் பிளஸ்’ என்னும் மின்னிதழ் வழியே ‘ஸ்பை பேமிலி’ போன்ற நல்ல கதைகள் பிறந்தன என்பது மெய்தான். ஆனால் கைப்பேசியில் ஒவ்வொருவனும் தனக்கு வேண்டிய கதையை மட்டும் விரலாலே தொட்டுப் படித்துவிட்டுப் போகின்றான். எம் தோட்டத்துப் பிள்ளைகளுள் லூபியை அறியாதவன் இல்லை. ஜம்ப் என்றொரு பத்திரிகை உண்டென்பதை அறிந்தவன் ஒருவனுமில்லை. பெருங்கதை முடிந்த மறுவாரம் அவர்களை எந்த அயற்பக்கம் இழுத்து நிறுத்தும்?

ஆசிரியர் குழுவினர் இதனை அறியாதவரல்லர். செயலியில் புதுக்கதைகளின் முதல் மூன்று அத்தியாயங்களையும் கடைசி மூன்று அத்தியாயங்களையும் இலவசமாய் வைத்தது அயலிடத்தை மீண்டும் உண்டாக்கும் முயற்சியே. 2023 செப்டம்பரில் தொடங்கிய ‘ககுராபாச்சி’, இருபத்துமூன்று வயதளவில் ஒருவர் வரைந்த முதல் தொடர்கதை. வாள் செய்யும் கொல்லன் மகன் தந்தையைக் கொன்றோரைத் தேடிப் புறப்படுகின்றான். மறுபடியும் தந்தைதான் என்று யாம் முணுமுணுத்தோம். ஆனால் பட்டறைத் தீயின் முன் அத்தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுப்பது குலப்பெருமையன்று, தொழிலின் பொறுப்பு. அதனால் இரண்டாம் அத்தியாயத்தையும் திறந்தோம்.