கோமுகத்துக்குப் புறப்படுமுன்

கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பான கோமுகத்துக்கும் அதற்கு மேலே தபோவனத்துக்கும் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஷூவைப் பற்றித்தான். ஜாக்கெட் எத்தனை வேண்டும், கைத்தடி வாடகைக்குக் கிடைக்குமா என்பதெல்லாம் அடுத்து வரும். தெரிந்ததைச் சொல்வேன். பிறகு நான் ஒன்று கேட்பேன்: எத்தனை நாள் லீவு?

சென்னை கடல் மட்டத்து ஊர். கங்கோத்ரி ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரம். நடைப்பயணத்தில் இரவு தங்கும் போஜ்பாசா 3,800, தபோவனம் 4,400க்கும் மேல். 4,000 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், நம் கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவில் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசாவுக்கு ஒரே நாளில் ஏறினால் அந்தக் கணக்கு மீறிப்போகிறது. அதனால்தான் கங்கோத்ரியில் கூடுதலாக ஓர் இரவு தங்கச் சொல்கிறேன். வரும் வழியில் ஹர்சிலில் ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. வாலிபமும் உடற்பயிற்சியும் இதற்கு ஈடாகாது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் மலைநோய் வரும்; வேகமாக ஏறிவிடுவதால் அவருக்குச் சீக்கிரமே வரலாம்.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பரங்கிமலைப் படிக்கட்டோ, திருக்கழுக்குன்றமோ, முதுகில் பையோடு வாரம் சில நாள் ஏறுங்கள். இறங்குவதையும் பயிற்சியாகவே செய்யுங்கள். முழங்கால் நோவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஷூவை இங்கேயே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையைப் பிடித்துக்கொண்டு குளிரவைக்கும். கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். உடைகளைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வழிகாட்டியோடு நமக்குள்ள உறவு. கங்கோத்ரிப் பனியாறு 30 கிலோமீட்டர் நீளம். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் கல்லும் மண்ணும் மூடிய மேட்டைப் பார்த்துத் திகைப்பார்கள். அந்தக் கல்லுக்கு அடியில்தான் பனிக்கட்டி, அது வெடித்த பிளவுகள், ஓடும் தண்ணீர் எல்லாம். 1935இல் ஆடன் என்ற நிலவியலாளர் பனியாற்றின் முகப்பை அளந்து வரைபடம் போட்டார். அங்கிருந்து இன்று அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. முகப்பு நகர நகரப் பாதையும் மாறுகிறது. போன வருஷம் போய்வந்த நண்பர் சொன்ன வழி இந்த வருஷம் இல்லாமல் போகலாம். இந்தப் பருவத்தில் எங்கே கால் வைக்கலாம் என்பது அடிக்கடி அங்கே போய்வருகிற உத்தரகாசிப் பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும். வெயில் ஏறினால் கல் உருளும், ஓடைகள் பெருகும். அதனால்தான் அவர் விடியற்காலையில் எழுப்புகிறார், முணுமுணுக்காமல் எழுந்திருங்கள்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு: உங்கள் தலைக்குள் இருக்கும் வலி. பணம் கட்டியாயிற்று, லீவு எடுத்தாயிற்று, கூட வந்தவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று பலர் அதை மறைக்கிறார்கள். இந்த நல்ல எண்ணமே ஆளைக் கொல்லும். தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். மாத்திரையை நம்பி அங்கேயே காத்திருக்கக் கூடாது. மலைநோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதானால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டு, சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிட்டு எடுங்கள். இந்தி வராதவர்கள் ‘சிர் தர்த்’ (தலைவலி) என்ற இரண்டு சொல்லையாவது கற்றுக்கொண்டு போங்கள். வழிகாட்டி திரும்பலாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள், சிவலிங்கச் சிகரம் கண்ணெதிரே நின்றாலும் சரி.

கோமுகம் போக ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அப்படியே, திரும்பி வரும் ரயில் டிக்கெட்டை நீங்கள் நினைத்திருக்கும் தேதிக்கு இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.