பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாயா



ஸ்ட்ராபேனிலிருந்து எழுதுகிறேன். வட அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் கிடக்கிற சின்ன டவுன். மோர்ன், ஃபின் என்ற இரண்டு ஆறுகள் இங்கே கூடி, ஃபாயில் என்று பேர் மாற்றிக்கொண்டு ஓடுகின்றன. இந்தக் கரை பிரிட்டன். பாலம் தாண்டினால் லிஃபோர்டு, அது அயர்லாந்துக் குடியரசு. மனைவிக்குப் பக்கத்து நகரமான டெரியில் நர்ஸ் வேலை. நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். ஏன் டெரியிலேயே இருக்காமல் இங்கே வந்தாய் என்று கேட்பவர்களிடம் வாடகையைக் காரணம் சொல்வேன். உண்மைக் காரணம் அந்தப் பாலம். கேரள-தமிழ்நாட்டு எல்லையோரக் குன்னத்துகாலில் வளர்ந்தவனுக்கு எல்லை இல்லாத ஊரில் தூக்கம் பிடிக்காது.

நம்மூரில் எல்லை எப்படிப்பட்டது என்று ஊர்க்காரர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிறந்தது காரக்கோணம் ஆஸ்பத்திரியில், கேரளத்தில். அம்மா வீடு பளுகலில், தமிழ்நாட்டில். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, மரச்சீனியும் மீன்கறியும் தின்ன வேறொரு மாநிலத்துக்கு நடந்தே போய் வருவோம். பனச்சமூடு சந்தையில் பாதி அங்கே, பாதி இங்கே. மாநிலம் மாறியதைப் பஸ்ஸின் நிறத்தையும் போர்டின் எழுத்தையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். களியக்காவிளையில் செக்போஸ்ட் உண்டு, போலீஸ் உண்டு, குறுக்குக் கம்பு உண்டு. ஆனால் பயந்து பயந்து எல்லை தாண்டியது தமிழ்நாட்டு ரேஷன் அரிசி மட்டும்தான். மனுஷனை யாரும் நிறுத்தியதில்லை.

இங்கே நிலைமை தலைகீழ். செக்போஸ்ட் கிடையாது. முன்பு இருந்தது, ராணுவமே காவல் நின்றது. 'ஒட்டகத் திமில்' என்று ஊர்க்காரர்கள் பேர் வைத்த சாவடி. 1998 ஏப்ரல் 10ஆம் தேதி கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதெல்லாம் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது பனை உயரத்துக்கு ஐந்து உலோக உருவங்கள் நிற்கின்றன. சிலது வாத்தியம் வாசிக்கிறது, சிலது ஆடுகிறது. துப்பாக்கி நின்ற இடத்தில் பிடில் நிற்பதைப் பார்த்து முதல் நாள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த உணர்ச்சி வேகத்திலேயே, பாலம் தாண்டி ஒரு சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

பக்கத்து வீட்டுக் கிழவர்தான் காப்பாற்றினார். எழுபது வயது தாண்டியவர், நாயை நடக்கவைத்துக்கொண்டு வந்தார். "உனக்கு அந்தப் பக்கத்து விசா இருக்கிறதா?" என்றார். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறவன் பிரிட்டன் வேலை விசாவோடு அயர்லாந்துக் குடியரசுக்குள் கால் வைக்கக் கூடாது; தனி விசா வேண்டும். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே தங்குதடையின்றிப் போய்வரும் ஏற்பாடு உண்டுதான், ஆனால் அது அவர்கள் இரு நாட்டுக் குடிமக்களுக்கு. பாலத்தில் கேட்க ஆளில்லை. ஆனால் டப்ளின் பஸ்ஸில் சில நாள் சீருடைக்காரர் ஏறுவார். எல்லோரையும் பார்த்துவிட்டு, என்னையும் என் நிறத்துக்காரரையும் மட்டும் காகிதம் கேட்பார் என்று இங்கே முன்னால் வந்த நம்மவர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கத்து டோனகல் கடற்கரைக்கு டூர் என்றால், விசா இல்லாத வெளிநாட்டுப் பிள்ளை வீட்டிலேயே இருந்த காலமும் உண்டு. காவலில்லாத எல்லை என்று உலகம் மெச்சுகிற எல்லை இது. காவல் இல்லாமல் இல்லை, அது என் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், களியக்காவிளை கம்பே மேல்.

மற்றபடி இரண்டு எல்லைகளும் கூடப்பிறந்தவை. அயர்லாந்தை 1921இல் வகிர்ந்தபோது அல்ஸ்டரின் ஒன்பது கவுண்டிகளில் ஆறு பிரிட்டனோடு நின்றன, மூன்று அந்தப் பக்கம் போயின. நமக்கு 1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணி கட்சியார் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களைப் பற்றி எங்கள் பாட்டா பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். இங்கே கிழவரிடம் 1921 என்று சொல்லிப் பாருங்கள், நாய் பொறுமையிழந்து குரைக்கும்வரை நிறுத்த மாட்டார்.

கடத்தலும் அப்படித்தான். 1923 ஏப்ரல் 1 அன்று இந்த எல்லையில் சுங்கம் வந்தது. அன்று முதல் வெண்ணெயும் மாடும் பன்றியும் இரவில் நடமாடின. கோட்டுக்குள் வெண்ணெயை ஒளித்துப் பாலம் தாண்டிய பெண்கள், சுங்கக்காரர் கணப்புப் பக்கத்தில் உட்காரவைத்தால் வெண்ணெய் உருகி மாட்டிக்கொள்வார்கள் என்று கிழவர் சிரிக்கிறார். நம்ம அரிசிக்கு அந்த ஆபத்து இல்லை. இப்போதைய சரக்கு சாராயம். குடியரசு 2022 ஜனவரியில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது; அந்தக் கரைக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வருகிறார்கள். கேரளத்துப் பெவ்கோ மதுக்கடை வரிசையைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டு டாஸ்மாக்குக்கு வண்டியைத் திருப்புகிற நம்மாட்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

எல்லை மாறினாலும் பழைய ராஜ்யத்தின் அடையாளம் இரண்டு இடத்திலும் போகவில்லை. குடியரசில் பழைய தபால் பெட்டிகளில் விக்டோரியா ராணியின் முத்திரை அப்படியே இருக்கிறது, மேலே பச்சைப் பெயிண்ட் மட்டும் அடித்துவிட்டார்கள். திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் நிற்கிறது, சாவி கேரளத்தின் கையில். நவராத்திரிக்கு அங்கிருந்து சாமிகள் புறப்பட்டு, எல்லையில் இரண்டு மாநிலப் போலீசின் மரியாதையும் வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் போகிறார்கள். அவர்களிடம் யாரும் விசா கேட்பதில்லை.

அரசியலைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தீர்கள். 2016 முதல் 2024க்குள் பிரிட்டன் கேமரூன், மே, ஜான்சன், ட்ரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. லிஸ் ட்ரஸ் அம்மையார் இருந்தது 49 நாள்; நம்ம வீட்டு வெண்டைக்காய் காய்ப்பதற்கும் அவ்வளவு நாள் ஆகும். ஊரில் எல்லோரும் வாய்பிளக்கிறார்கள், எனக்கு அதிசயமாக இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி 1949 முதல் 1956 வரை ஐந்து முதல்வர்களைக் கண்ட மண். பறவூர் நாராயண பிள்ளையில் தொடங்கி பனம்பிள்ளி கோவிந்த மேனன் வரை. நாம் முன்னோடிகள், வெள்ளைக்காரன் பின்னால் வருகிறான்.

இங்கத்து உள்ளூர் சட்டமன்றம் ஸ்டார்மான்ட் இன்னும் விசேஷம். பிரிட்டனோடு இருக்க விரும்புகிற தரப்பும் அயர்லாந்தோடு சேர விரும்புகிற தரப்பும் கூட்டாக ஆள வேண்டும், ஒருவர் முறுக்கிக்கொண்டால் கடையை அடைத்துவிட வேண்டியதுதான். 2017 முதல் மூன்று வருஷம் அடைப்பு. நடுவில் 2019 டிசம்பரில் நர்ஸுகள் தெருவில் இறங்கினார்கள். நூறு வருஷம் தாண்டிய அவர்களுடைய சங்கத்தின் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தம். பிறகு 2022இல் பிரெக்ஸிட் கோபத்தில் மறுபடி அடைப்பு; 2024 பிப்ரவரியில்தான் திறந்தது, மிஷெல் ஓ'நீல் முதலமைச்சர் ஆனார். பிரெக்ஸிட் கோபம் என்றேனா, அதன் ருசி எங்கள் பிரிட்ஜிலேயே இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வருகிற இறைச்சிப் பொட்டலத்தில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். கோழிக்கறியும் நானும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. ஒரு சமயம் பிரிட்டனின் மண் ஒட்டிய செடி, பிரிட்டனின் பகுதியான இந்த ஊருக்குள் வரக்கூடாது என்றுகூட விதி இருந்தது.

சிரிக்க முடியாததும் உண்டு. 2025 ஜூனில் வட அயர்லாந்தின் பாலிமீனாவில் வெளிநாட்டார் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதே கோடையில் டப்ளினில் இந்தியர்களை அடித்தார்கள். நம் தூதரகமே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி அறிவிப்பு போட்டது. அன்று சித்தி போன் பண்ணி, "மக்களே, போதும், திரும்பி வா" என்றாள். லண்டன் அரசோ மே மாதமே ஒரு வெள்ளை அறிக்கை விட்டிருந்தது: நிரந்தரக் குடியிருப்புக்கு ஐந்து வருஷத்துக்குப் பதில் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற யோசனை அதில் இருந்தது. வார்டில் ஆளில்லை என்று கூப்பிட்டுக் கொண்டுவந்தவர்களே வாசலில் இப்படி நிற்கவைப்பது மரியாதையா என்று யாராவது கேட்க வேண்டும். ஆனால் இதையும் எழுதாவிட்டால் பாவம்: டெரி-ஸ்ட்ராபேன் மாவட்டத்துக்கு 2024இல் மேயராக வந்தவர் லிலியன் செனோய்-பார், கென்யாவில் பிறந்தவர். கல் விழுகிற ஊரும் இதுதான், ஓட்டு விழுகிற ஊரும் இதுதான்.

குடியரசு விசாவுக்கு மனு போட்டிருக்கிறேன். வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், ஏன் போகிறாய் என்று ஒரு கடிதம், எல்லாம் கேட்டார்கள். கடிதத்தில் 'சாயா குடிக்க' என்று எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில், 'சுற்றுலா' என்று எழுதி அனுப்பினேன். கிடைத்தால் லிஃபோர்டிலிருந்து அடுத்த மடல் வரும். என் வீட்டு வாசலிலிருந்து அங்கே இருக்கிற முதல் சாயாக்கடை ஒன்றரைக் கிலோமீட்டர். இந்தக் கரைக் கணக்கில் ஒரு மைல்.