“உட்காருங்க அத்தை” என்று சொல்லலாமா?

நம் பக்கத்தில் வயதானவர்களுக்குக் காட்டும் பெரிய மரியாதையே, அவர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பதுதான். “இந்த வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு? செவனேன்னு உக்காருங்க” என்று சொல்லி, சாப்பாட்டையும் தண்ணீரையும் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டு போய்க் கொடுத்தால் ‘தங்கமான மருமகள்’ என்று பெயர் வந்துவிடும். எங்கள் கெடாரில் எனக்கு அந்தப் பெயர் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் மாமியாருக்கு வயது 74. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறி, 14 கிலோமீட்டர் கிரிவலத்தையும் வெறுங்காலோடு நடந்துவிட்டு வருவார். வந்த கையோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். அப்படிப்பட்டவர் ஒரு மழை நாளில் தோட்டத்துப் பக்கம் வழுக்கி விழுந்தார். இடது தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்து, ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

மறுநாளே டாக்டர் வந்து, “பாட்டியைப் பிடிச்சு நிக்க வைங்க” என்றாரே பார்க்கலாம்! என் நாத்தனார் அழுதே விட்டார். ஆனால் டாக்டர் பொறுமையாக விளக்கினார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப் புண் வரும், சதை கரைந்துவிடும் என்றார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அத்தை நாலடி வைத்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். பார்க்க வந்தவர்களெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு புத்திமதியையும் கொண்டு வந்தார்கள்: “அசையாம படுத்திரு.” அத்தைக்கும் உள்ளூர பயம். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று கட்டிலை விட்டு இறங்கவே யோசிப்பார். விழுந்தவர்களுக்கு எலும்பு கூடினாலும் இந்தப் பயம் லேசில் போவதில்லை.

நல்ல வேளையாக ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருந்தது. 2021 ஆகஸ்டில் நம் அரசாங்கம் ஆரம்பித்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருவதோடு, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து உடற்பயிற்சியும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெண் என் மகள் வயசுதான் இருப்பாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது, இவ்வளவுதான் கற்றுக் கொடுத்தாள். முதலில் நாலு தடவை எழுந்திருப்பதற்குள் அத்தைக்கு மூச்சு வாங்கியது. இரண்டு மாதத்தில் பத்து தடவை வந்துவிட்டது.

அப்போது நாத்தனார் வந்து, “கொஞ்ச நாள் அம்மா என்கிட்ட இருக்கட்டும்” என்று விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. காப்பியிலிருந்து எல்லாமே கட்டிலுக்கு வந்தது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த அத்தை, நாற்காலியிலிருந்து எழுந்திருக்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மறுபடி நாலிலிருந்து ஆரம்பம்.

மூன்று வாரத்தில் இப்படியும் ஆகுமா என்று எனக்கு ஆறவில்லை. என் மகள் செல்போனில் தேடி ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். 2007-ல் அமெரிக்காவில், நோய்நொடி இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்களாம். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்துவிட்டதாம்! ஆரோக்கியமானவர்களுக்கே இந்தக் கதி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 65 வயது தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கவும் தசை வலுப்படவும் பயிற்சி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. நாத்தனாரிடம் போனில் படித்துக் காட்டினேன். “அப்போ நான் கொடுத்த காப்பி எல்லாம் தப்பா?” என்றார். “காப்பி தப்பில்லை அண்ணி, அவங்க அடுப்படி வரைக்கும் நடந்து வந்து குடிக்கட்டும்” என்றேன். சிரித்துவிட்டார்.

ஊர் வாய் அப்படிச் சிரித்துவிட்டுப் போகுமா? அத்தை நாற்காலியில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரிப்பதைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மா, “ஏன்டி, இடுப்பு ஒடஞ்ச கெழவியப் போயி வேல வாங்கறியே, அடுக்குமா?” என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அத்தை முறத்தைப் புடைத்துக்கொண்டே, “நான் எழுந்து நடக்கறது ஒனக்கு ஏன்டி உறுத்துது?” என்றாரே ஒரு கேள்வி! அன்றிலிருந்து அந்தப் பக்கப் பேச்சு நின்றது.

நடக்கவிட்டால் மட்டும் போதாது, வழியையும் பார்த்து வைக்க வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டேன். பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்தோம், ராத்திரியில் வழியெல்லாம் ஒரு சின்ன பல்பு எரியும். கீழே குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கக்கூசுக்கு நாற்காலி வாங்கினோம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். அதனால் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகுதான் எழுந்திருப்பார். புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டச் சொன்னதுதான் பெரிய சண்டை. “இந்த வயசுல என்னடி கோலம்” என்று இன்னமும் முணுமுணுப்பார்.

இப்போது கைத்தடியோடு ரேஷன் கடை வரை போகிறார். கிரிவலம் போகணும் என்று நச்சரிப்பு வேறு. முழுச் சுற்று வேண்டாம், பௌர்ணமிக் கூட்டமும் வேண்டாம், ஒரு சாதாரண நாளில் அக்னி லிங்கம் வரை என்று பேசி முடித்திருக்கிறோம். அதற்குப் பஸ் படி ஏற வேண்டுமே! தினமும் சாயங்காலம் திண்ணைப் படியில் ஏறி இறங்கிப் பழகுகிறார். நேற்று, “பஸ் படி இதைவிட ஒசரம்டி, அடியில ஒரு செங்கல் போடு” என்றார்.